கிளாஸுக்குள் போட்டால் போதுமா? பழைய நிரலைப் பொருள்நோக்கு மென்பொருளாக மாற்றுவது பற்றி

"பழைய சிஸ்டத்தை ஜாவாவுக்கு மாற்றிவிட்டோம், இனி எல்லாமே ஆப்ஜெக்ட் ஓரியண்டட்தான்" என்று யாராவது சொன்னால், ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து காட்டச் சொல்வேன். பல நேரம் உள்ளே இருப்பது ஒரே ஒரு கிளாஸ். அதற்குள் எட்டாயிரம் வரி. மேலே நூறு வேரியபிள், கீழே இருநூறு ஃபங்ஷன். எந்த ஃபங்ஷனும் எந்த வேரியபிளையும் தொடலாம். எழுத்து ஜாவா, எண்ணம் கோபோல் என்ற பழைய மொழியினுடையது. இப்படிப்பட்ட நிரலுக்கு 'ஜோபோல்' என்று ஒரு பட்டப்பெயரே துறையில் புழங்குகிறது.

அதை எழுதியவர்கள் திறமையில்லாதவர்கள் அல்ல. "மாற்றம்" என்றால் மொழியை மாற்றுவது என்று புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். வேலை கொடுத்தவர்களும் அப்படியேதான் புரிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் இங்கே மாற வேண்டியது மொழி அல்ல. எந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு என்பதுதான் மாற வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான். வேரியபிள், ஃபங்ஷன், 'இப்படி எனில் அப்படி' என்ற நிபந்தனை, இந்த மூன்றும் தெரிந்திருந்தால் போதும், தொடர்ந்து படிக்கலாம்.

நடுவில் ஒரு நோட்டு

ஓர் அலுவலகம். நடுவில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு பெரிய நோட்டு. வந்த கடிதம், கொடுத்த பணம், விடுப்பு எடுத்த நாள் எல்லாம் அதில்தான். யாருக்கு எது தேவையோ எழுந்து போய்ப் பார்ப்பார்கள், எழுதுவார்கள், அடிப்பார்கள், திருத்துவார்கள்.

மூன்று பேர் இருந்தவரை இது அருமையான ஏற்பாடு. எதையும் தேட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். முப்பது பேர் ஆனதும் சிக்கல் தொடங்குகிறது. 40-ஆம் பக்கத்தில் ஓர் எண் தவறாக இருக்கிறது. யார் எழுதியது? முப்பது பேரில் யாராகவும் இருக்கலாம். விடுப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டினால் யாருடைய வேலை கெடும்? யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் எதையும் மாற்றத் துணிவதில்லை.

இப்போது ஏற்பாட்டை மாற்றுகிறோம். விடுப்புக் கணக்கு ஒருவரிடம், பணக் கணக்கு இன்னொருவரிடம். நோட்டு அவரவர் மேசை இழுப்பறைக்குள் இருக்கும். "எனக்கு எத்தனை நாள் விடுப்பு மிச்சம்?" என்று கேட்கலாம். "நாளை எனக்கு விடுப்பு வேண்டும்" என்று சொல்லலாம். நீங்களே இழுப்பறையைத் திறந்து எழுத முடியாது. எண் தவறாக இருந்தால் கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான். அவர் நோட்டை மூடிவிட்டுக் கணினியில் எழுதத் தொடங்கினாலும் உங்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. நீங்கள் கேட்கிறீர்கள், அவர் சொல்கிறார்.

முதல் ஏற்பாட்டைப் போன்றது புரொசீஜரல் நிரல். முதலில் இதைச் செய், அப்புறம் அதைச் செய் என்று செயல்களின் வரிசையாக எழுதப்பட்ட நிரல் அது. தகவல் ஓர் இடத்திலும் செயல்கள் வேறிடத்திலும் இருக்கும். நடுமேசை நோட்டு போல எந்த ஃபங்ஷனும் தொடக்கூடிய தகவலுக்கு குளோபல் வேரியபிள் என்று பெயர்.

இரண்டாவது ஏற்பாடுதான் பொருள்நோக்கு நிரல், அதாவது ஆப்ஜெக்ட் ஓரியண்டட் நிரல். ஒரு தகவலும் அதைத் தொட உரிமையுள்ள செயல்களும் சேர்ந்து ஒரே அலகாக இருக்கும். அந்த அலகு ஆப்ஜெக்ட். அப்படிப்பட்ட ஆப்ஜெக்ட்டுகளை எந்த அமைப்பில் உருவாக்க வேண்டும் என்று எழுதி வைத்த வரைவு கிளாஸ். தகவலை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வெளியிலிருந்து கேள்வியாக மட்டுமே அணுகவிடுவதை உறையிடல் என்கிறோம். பலரும் கிளாஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உறையிடலை விட்டுவிடுகிறார்கள். இழுப்பறைக்குப் பூட்டு இல்லையென்றால் பத்துப் பேருக்குப் பத்து மேசை வாங்கிப் போட்டும் பயனில்லை.

பழையவர்கள் ஏன் அப்படி எழுதினார்கள்?

ஃபோர்ட்ரான் 1957-இல் வந்தது. கோபோல் 1959-இல் உருவாகத் தொடங்கியது. நினைவகம் மிகக் குறைவாக இருந்த காலம் அது. தகவலை ஒரே இடத்தில் வைத்து எல்லா ஃபங்ஷன்களும் பகிர்ந்துகொள்வதுதான் அன்றைக்கு அறிவான வழி. பொருள்நோக்குச் சிந்தனை 1960-களில், நார்வேயின் ஆஸ்லோவில் கிறிஸ்டன் நைகார்டும் ஓலே-யோகான் டாலும் உருவாக்கிய சிமுலா மொழியில் தொடங்கியது. நிஜ உலக அமைப்புகள் இயங்குவதைக் கணினிக்குள் பாவனை செய்து பார்ப்பதற்காக உருவான மொழி என்பதால், ஒவ்வொரு பொருளும் தன் நிலையைத் தானே வைத்துக்கொள்ளும் எண்ணம் அங்கே இயல்பாகவே பிறந்தது. அது பரவலான புழக்கத்துக்கு வர 1980-களும் 1990-களும் ஆயின. அதற்குள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வரிகள் பழைய முறையில் எழுதப்பட்டு, வேலையும் செய்துகொண்டிருந்தன.

அதனால் பழைய நிரலை இகழ்ந்து பேசுவது எனக்குப் பிடிக்காது. இருபது முப்பது வருடம் ஓடிய நிரலில் யாரும் எங்கும் எழுதி வைக்காத விதிகள் நூற்றுக்கணக்கில் உறங்குகின்றன. பழைய நிரலை ஆராய்ந்து புதிய வடிவில் கட்டும் மறுபொறியியலின் பாதி வேலை அந்த விதிகளைத் தொலைக்காமல் வெளியே எடுப்பதுதான்.

இதுவரை பார்த்தது: புரொசீஜரல் நிரலில் தகவல் பொதுச்சொத்து. பொருள்நோக்கு நிரலில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. மொழி எது என்பது இரண்டாம்பட்சம்.

ஒரு நூலக நிரலைப் பார்ப்போம்

நூல் கடன் கொடுக்கும் ஒரு பழைய நிரல் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினரின் வகை ஓர் எண்ணாக இருக்கிறது. 1 என்றால் மாணவர், 2 என்றால் ஆசிரியர், 3 என்றால் பொது வாசகர். அபராதம் கணக்கிடும் பகுதி இப்படி இருக்கும்:

வகை = 1 எனில், அனுமதி = 14 நாள்
வகை = 2 எனில், அனுமதி = 30 நாள்
வகை = 3 எனில், அனுமதி = 7 நாள்
வைத்திருந்த நாள் அனுமதியைவிட அதிகம் எனில், அபராதம் போடு

பார்க்க ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் நூலைப் புதுப்பிக்கும் பகுதியிலும், 'வகை இது எனில்' என்று படிப்படியாகக் கேட்கும் இதே ஏணி இருக்கிறது. நினைவூட்டுக் கடிதம் அனுப்பும் பகுதியிலும், மாத அறிக்கையிலும், நூலை முன்பதிவு செய்யும் பகுதியிலும் அதே ஏணி. ஆக, ஐந்து இடம்.

ஒருநாள் 'ஆய்வாளர்' என்று நான்காவது வகையைச் சேர்க்கச் சொல்கிறார்கள். நிரலாளர் நான்கு இடத்தில் திருத்துகிறார், ஒன்றை விட்டுவிடுகிறார். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆய்வாளர்களுக்கு மட்டும் நினைவூட்டுக் கடிதம் போகாது, அவ்வளவுதான். யாராவது புகார் சொல்லும்வரை அது தெரியவும் தெரியாது.

இதையே கிளாஸுக்குள் தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? ஐந்து ஏணிகளும் ஒரு கிளாஸுக்குள் வரும். சிக்கல் அப்படியே இருக்கும்.

சரி, உண்மையான மாற்றம் எப்படி இருக்கும்? 'உறுப்பினர்' என்று ஒரு கிளாஸ் உருவாகிறது. "நூலை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இனி அதன் பொறுப்பு. மாணவர், ஆசிரியர், பொது வாசகர் ஒவ்வொருவரும் அந்தக் கேள்விக்குத் தங்கள் பதிலைச் சொல்வார்கள். அபராதப் பகுதி வகை எண்ணைப் பார்ப்பதே இல்லை. கேள்வியைக் கேட்டு, வந்த பதிலை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரே கேள்விக்கு வெவ்வேறு ஆப்ஜெக்ட்டுகள் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்வதற்குப் பல்லுருத்தன்மை என்று பெயர். ஆய்வாளரைச் சேர்க்க வேண்டுமா? ஒரு புதிய கிளாஸ் எழுதினால் போதும். அந்த ஐந்து இடங்களையும் யாரும் தொட வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வகைக்கு வகை மாறுவது ஓர் எண் மட்டும்தான் என்றால் நான்கு கிளாஸ் தேவையே இல்லை. உறுப்பினர் கிளாஸுக்குள் ஒரு சிறு அட்டவணை போதும். நடத்தையே மாறும்போதுதான், உதாரணமாக ஆசிரியருக்கு விடுமுறை நாள்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்றால்தான், தனி கிளாஸுக்கு அர்த்தம் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் கிளாஸ்களைக் குவித்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடிய கிளாஸ்களைப் படித்துப் பராமரிப்பதும் பிறகு ஒரு பெரிய வேலையாகிவிடும்.

மறுபொறியியல் என்றால் சரியாக என்ன?

வரைபடம் இல்லாத பழைய வீட்டை வாங்கியிருக்கிறீர்கள். அறைகளை மாற்றியமைக்க வேண்டும். உடனே சுவரை இடிக்க மாட்டீர்கள். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எங்கே குழாய் ஓடுகிறது என்று அளந்து, முதலில் இருப்பதை இருக்கிறபடி வரைவீர்கள். பிறகு அந்த வரைபடத்தின் மேல் புதிய அமைப்பை யோசிப்பீர்கள். கடைசியில்தான் கொத்தனாருக்கு வேலை.

மென்பொருளிலும் இதே மூன்று கட்டம்தான். இந்தத் துறையின் சொற்கள் கண்டபடி புழங்கியதால், 1990-இல் எலியட் சிக்கோஃப்ஸ்கியும் ஜேம்ஸ் கிராஸும் ஒரு கட்டுரையில் அவற்றை வரையறுத்தார்கள். இருக்கும் நிரலைப் படித்து அதன் பகுதிகளையும் உறவுகளையும் வடிவமைப்பையும் மீட்டெடுப்பது பின்னோக்குப் பொறியியல். வெளியே தெரியும் நடத்தை மாறாமல் உள்ளமைப்பை மாற்றுவது மறுகட்டமைப்பு. வடிவமைப்பிலிருந்து நிரலுக்கு இறங்குவது, அதாவது வழக்கமாக நாம் மென்பொருள் எழுதும் திசை, முன்னோக்குப் பொறியியல். பழையதை ஆராய்ந்து புதிய வடிவில் திரும்பக் கட்டும் மொத்த வேலைக்குத்தான் மறுபொறியியல் என்று பெயர்.

இதைக் குதிரை லாட வடிவில் வரைந்து காட்டுவார்கள். இடது பக்கம் பழைய நிரலிலிருந்து வடிவமைப்புக்கு ஏறுகிறோம். உச்சியில் பழைய வடிவமைப்பைப் புதியதாக மாற்றுகிறோம். வலது பக்கம் புதிய நிரலுக்கு இறங்குகிறோம். வரிக்கு வரி மொழிபெயர்ப்பது என்பது, ஏறாமலேயே அடியில் இடமிருந்து வலமாகத் தாண்டிவிடுவது. மேலே எதுவும் மாறவில்லை என்பதால் கீழே மொழி மட்டும் மாறியிருக்கும். ஜோபோல் பிறப்பது இப்படித்தான். தானியங்கி மாற்றுக் கருவிகள் இந்த அடிப்பாதையில் மிக வேகமாக ஓடக்கூடியவை. பழைய இயந்திரத்தை விட்டு அவசரமாக வெளியேற வேண்டுமென்றால் அதற்குப் பயனுண்டு. ஆனால் அதைப் பொருள்நோக்கு வடிவமைப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

சுருக்கமாக: ஏறு, மாற்று, இறங்கு. ஏறுவதைத் தவிர்த்தால் மற்ற இரண்டும் நடக்காது.

ஆப்ஜெக்ட்டுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன?

எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. பழைய நிரலில் கிளாஸ் என்ற சொல்லே இருக்காது. ஆனால் ஆப்ஜெக்ட்டுகள் பெரும்பாலும் இருக்கும், பெயர் மட்டும்தான் இருக்காது.

ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் ஃபங்ஷன்களின் பெயர்கள், மேலே குளோபல் வேரியபிள்களின் பெயர்கள். ஒரு ஃபங்ஷன் ஒரு வேரியபிளைப் படித்தால் 'ப', எழுதினால் 'எ'. நூலக நிரலுக்கு இதைப் போட்டால், உறுப்பினர் பெயர், வகை, முகவரி மூன்றையும் குறிப்பிட்ட நான்கு ஃபங்ஷன்கள் மட்டுமே எழுதுகின்றன என்று தெரியவரும். நூல் எண், எடுத்த தேதி, திருப்பிய தேதி மூன்றையும் வேறு ஐந்து எழுதுகின்றன. கட்டங்களை வரிசை மாற்றி அடுக்கினால் குறிகள் கொத்துக் கொத்தாகச் சேரும். முதல் கொத்துதான் 'உறுப்பினர்'. இரண்டாவது கொத்து 'நூல்' அல்ல, 'கடன்'. எடுத்த தேதி நூலுக்கும் சொந்தமில்லை, உறுப்பினருக்கும் சொந்தமில்லை. இருவருக்கும் இடையே நடந்த ஒரு நிகழ்வுக்குச் சொந்தம். வெறும் யோசனையில் உட்கார்ந்து கிளாஸ் வரைந்திருந்தால் இந்தக் 'கடன்' பலருக்குத் தப்பியிருக்கும்.

'ப'வைவிட 'எ'வுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். ஒரு தகவலைப் பலர் படிக்கலாம். அதை மாற்றுகிறவர்தான் பெரும்பாலும் அதன் உரிமையாளர்.

வேறு தடயங்களும் உண்டு. மூன்று நான்கு மதிப்புகள் எப்போதும் சேர்ந்தே ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், அவை ஒரே ஆப்ஜெக்ட்டின் உறுப்புகளாக இருக்க வாய்ப்பு அதிகம். கோபோல் நிரலில் தகவல் பிரிவில் எழுதியிருக்கும் பதிவு அமைப்புகள் நல்ல தொடக்கப் புள்ளி. ஆனால் ஒரு பதிவுக்கு ஒரு கிளாஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடக் கூடாது. அந்தப் பதிவு வட்டில் எப்படிச் சேமிக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது, பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்வதில்லை.

சில ஃபங்ஷன்கள் எந்தக் கொத்திலும் அடங்காது. இரவில் ஓடும் ஒரு பெரிய ஃபங்ஷன் உறுப்பினரைப் படித்து, கடனைத் திருத்தி, அறிக்கையையும் அச்சடிக்கும். அதை ஒரு கிளாஸில் ஒட்டவைக்க முயலாதீர்கள். மூன்றாக வெட்டி அந்தந்தக் கொத்தில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே வேரியபிள் இரண்டு வேலை பார்க்கும். நான் பார்த்த ஒரு நிரலில், பகலில் உறுப்பினர் நிலையைக் காட்டிய அதே வேரியபிள் இரவு ஓட்டத்தில் பக்கங்களை எண்ணப் பயன்பட்டது. எப்போதோ யாரோ இடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். கட்டத்தில் அது இரண்டு கொத்துகளையும் ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. அதை இரண்டு பெயராகப் பிரித்ததும் மீதி எல்லாம் தானாகவே விலகி நின்றன. கொத்துகள் பிரிய மறுத்தால் முதலில் இப்படிப்பட்ட இரட்டை வேடத்தைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம், நிரலை வருடக்கணக்கில் பயன்படுத்தியவர்களிடம் பேசுங்கள். "இது ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் வேறு மாதிரி நடக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் எந்தக் கட்டத்திலும் இருக்காது.

உடைக்காமல் மாற்றுவது

நடத்தை மாறவில்லை என்று எப்படித் தெரியும்? வழக்கமான சோதனை, நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்கும். இங்கே வேறு மாதிரிச் சோதனை வேண்டும். பழைய நிரலுக்கு ஆயிரக்கணக்கான உள்ளீடுகளைக் கொடுத்து, அது தரும் விடைகளை அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டும். சரியா தவறா என்று பார்க்கக் கூடாது. புதிய நிரலும் அதே விடைகளைத் தர வேண்டும். இதற்கு நடத்தைப் பதிவுச் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு சின்ன எண்ணில் காட்டுகிறேன். கோபோலில் இரண்டு தசம இடம் மட்டுமே உள்ள வேரியபிளில் 10.678 என்ற விடையை வைத்தால், முழுமையாக்க (ரவுண்ட் செய்ய) சொல்லித் தனியாக எழுதாதவரை அது மிச்ச இலக்கத்தை வெட்டிவிடும். 10.67 ஆகும். புதிய மொழியில் எழுதுகிறவர் இயல்பாக முழுமையாக்கி 10.68 என்று வைப்பார். ஒரு கணக்கில் இது ஒன்றுமில்லை. பத்து லட்சம் கணக்கில் மொத்தத் தொகை ஒத்துப்போகாது. இன்னும் ஒரு படி மேலே போய், ஜாவாவின் சாதாரண தசமப் புள்ளி எண்களில் போட்டால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால்கூடத் துல்லியமாக 0.3 வராது. அவை இரண்டின் அடிமானத்தில் சேமிக்கப்படுவதுதான் காரணம். கோபோல் பொதுவாகப் பத்தின் அடிமானத்தில் கணக்குப் போடும். எனவே ஜாவாவில் பணத்துக்கு பிக்டெசிமல் என்ற வகையைப் பயன்படுத்த வேண்டும்.

பழைய நிரலில் பிழை தெரிந்தால்? முதலில் பிழையையும் சேர்த்தே நகலெடுங்கள். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் அந்தப் பிழையான விடையை நம்பி வேறு எங்கோ இன்னொரு நிரல் அதைச் சரிசெய்துகொண்டிருக்கலாம். அமைப்பு மாற்றம் முடிந்து, சோதனைகள் ஒத்துப்போன பிறகு, தனி வேலையாகப் பிழையைத் திருத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், விடை மாறும்போது எதனால் மாறியது என்று சொல்லவே முடியாது.

ஒரே மூச்சிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். 1998-இல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மையப் பகுதியைப் புதிதாக எழுதத் தீர்மானித்தது. 4-ஆம் பதிப்பு 1997-இல் வந்திருந்தது. அடுத்த பெரிய பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது, அதுவும் 6 என்ற எண்ணோடு. 5 வெளிவரவே இல்லை. அந்த இடைவெளியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முன்னே போய்விட்டது. அது விண்டோஸோடு சேர்ந்தே வந்ததும் ஒரு பெரிய காரணம்தான். ஆனாலும் மூன்று வருடம் புதிய பெரிய பதிப்பு கொடுக்க முடியாமல் இருந்தது சிறிய விஷயம் அல்ல.

எனக்குப் பிடித்த வழி வேறு. பனைமரத்தின் மேல் பறவை போட்ட ஆல விதை முளைத்து, விழுதுகளை இறக்கி, மெல்ல மெல்லப் பனையைச் சூழ்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பனை போன பிறகும் ஆல் தன் காலில் நிற்கும். மென்பொருள் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் இதே வகை மரத்தை உவமையாக வைத்துத்தான் இந்த முறைக்குப் பெயரிட்டார். பழைய நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பகுதியை மட்டும் புதிதாகக் கட்டி, அதற்கான வேலைகளை அங்கே திருப்பிவிடுவோம். நன்றாக ஓடினால் அடுத்த பகுதி. சரிப்படவில்லை என்றால் மறுபடி பழையதற்கே திருப்பிவிடலாம்.

நூலக நிரலில் நான் இப்படித் தொடங்குவேன். முதலில் 'கடன்' தகவலை நேரடியாகத் தொடும் எல்லா இடங்களையும், படிக்க ஒரு ஃபங்ஷன், எழுத ஒரு ஃபங்ஷன் என்று அவற்றின் வழியே போகச் செய்வேன். வேறு எதையும் மாற்ற மாட்டேன். சோதனைகளை ஓட்டுவேன். பிறகு அந்த ஃபங்ஷன்களையும் தகவலையும் ஒரு கிளாஸுக்குள் கொண்டுபோய்ப் பூட்டுவேன். மறுபடி சோதனை. அதன் பிறகுதான் அந்த ஐந்து ஏணிகளில் கை வைப்பேன். பூட்டு போடுவதற்கு முன்பே ஏணிகளைப் பிரித்தால், பிரித்த பாகங்கள் பழைய பொதுத் தகவலையே தொட்டுக்கொண்டு கிடக்கும்.

எதைத் தொடாமல் விடலாம்?

எல்லா நிரலும் பொருள்நோக்காக மாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எண்களைக் கொடுத்தால் கணக்குப் போட்டு எண்களைத் திருப்பித் தரும், எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத ஃபங்ஷனுக்குப் பாதுகாக்க வேண்டிய தகவல் எதுவும் இல்லை. அதற்குப் பூட்டு எதற்கு? அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்குகளுக்கான லாபேக் என்ற தொகுப்பு ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. இன்றைக்குப் பைதான் மொழியில் சைபை என்ற கணக்குத் தொகுப்பு வழியாக அணிச் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது அடியில் வேலை செய்வது அதுதான். மேலே ஆப்ஜெக்ட்டுகள், அடியில் புரொசீஜரல் கணக்கு, நடுவில் தெளிவான எல்லை. இரண்டும் சேர்ந்து நன்றாகவே வாழ்கின்றன.

அதேபோல, பத்து வருடமாக யாரும் திருத்தத் தேவைப்படாத, சரியாக ஓடும் பகுதியையும் விட்டுவிடலாம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையென்றால், கடந்த ஒரு வருடத்தில் அதிகத் தடவை திருத்தப்பட்ட கோப்பு எது என்று நிரலின் திருத்த வரலாற்றில் பாருங்கள். அதில் உள்ள குளோபல் வேரியபிள்களை ஒரு தாளில் எழுதி, யார் யார் எதை எழுதுகிறார்கள் என்று 'எ' போடத் தொடங்குங்கள்.